வாசகர் கேட்கிறார்: விரலில் மாட்டும் கருவி சொல்வதும் சொல்லாததும்

கொரோனாவின் இரண்டாம் அலையில், 2021ஆம் ஆண்டு, பலரும் பதறி வாங்கிய, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இன்று தொண்டி முதல் சாயல்குடி வரை நம் கடற்கரை வீடுகள் பலவற்றில் தெர்மாமீட்டருக்கும் தைலப் புட்டிக்கும் பக்கத்தில் இடம் பிடித்திருக்கிறது. அது காட்டும் எண்ணை எப்படிப் படிப்பது, எப்போது நம்புவது, எப்போது நம்பக் கூடாது என்று கேட்டு வந்த கடிதங்களில் ஐந்துக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் தந்தைக்கு 64 வயது. முப்பது ஆண்டுகள் கரிமூட்டம் போடும் வேலையில் இருந்தவர். இப்போதும் மூட்டம் பிரிக்கும் நாளில் போய் நின்றுவிடுவார். சிஓபிடி (நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் கருவியை மாட்டினால் 90, 91 என்றுதான் காட்டுகிறது. 95க்குக் கீழே போனாலே ஆபத்து என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். அவருடைய மருத்துவரோ இந்த அளவு அவருக்குப் போதும் என்கிறார். யார் சொல்வது சரி? மூட்டம் பிரித்துவிட்டுத் தலைவலியோடும் கிறுகிறுப்போடும் வருகிற நாளிலும் கருவி அதே 91ஐக் காட்டுவதால், புகை தன்னை ஒன்றும் செய்யவில்லை என்று தந்தை வாதிடுகிறார்.
(சாயல்குடி அருகிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டாவதுதான் அவசரமானது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். சீமைக் கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, காற்று போதாமல் புகையவிட்டே கரி எடுக்கிறோம். காற்று போதாமல் எரியும் எந்த நெருப்பிலும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் வாயு அது. ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தில் அது ஏறி அமர்ந்துகொள்கிறது. வீட்டில் பயன்படுத்தும் ஆக்சிமீட்டரால் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியது என்றே எண்ணிக்கொள்கிறது. ஆகவே உங்கள் தந்தையின் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் உண்மையில் நன்றாகக் குறைந்திருக்கும் வேளையிலும் திரையில் 91 அசையாமல் நிற்கும். அந்த நாளில் அவருடைய தலைவலியும் கிறுகிறுப்பும்தான் உண்மையைச் சொல்கின்றன, கருவி சொல்லவில்லை. புகையை விட்டு வெளியே வந்த பின்னரும், ரத்தத்தில் ஏறிய அந்த வாயு பாதியளவாகக் குறைவதற்கே நான்கைந்து மணி நேரம் ஆகும். தலைவலியோடு குமட்டலும் தடுமாற்றமும் சேர்ந்தாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ கருவியை எடுக்காமல் 108ஐ அழையுங்கள். புகையில் இருந்தவர் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மருத்துவமனையில் ரத்தத்தை எடுத்துச் செய்யும் தனிச் சோதனை ஒன்றே இதைக் கண்டுபிடிக்கும். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ள ஒருவர் மூட்டம் பிரிக்கும் இடத்தில் நிற்கவே கூடாது. இதை நீங்கள் சொல்லிக் கேட்கவில்லை என்றால், அடுத்த முறை அவருடைய மருத்துவரே நேரில் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி முதல் கேள்வி. நுரையீரல் நலமாக உள்ள ஒருவருக்கு, ஓய்வாக இருக்கும்போது, 95 முதல் 100 வரை இருப்பது இயல்பு. அக்கம்பக்கத்தார் சொல்வது அவர்களுக்குப் பொருந்தும். ஆனால் பல ஆண்டுகளாகப் புகையால் நுரையீரல் பழுதுபட்டவர்களில் பலரது உடல் குறைந்த அளவுக்குப் பழகிவிடுகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவமனையில் ஆக்சிஜன் கொடுக்கும்போதுகூட 88 முதல் 92 வரை வைத்துக்கொள்வதையே மருத்துவர்கள் இலக்காகக் கொள்கிறார்கள். காரணம் இருக்கிறது: அளவுக்கு மீறி ஆக்சிஜனைக் கொடுத்து எண்ணை 98க்கு ஏற்றிவிட்டால், அவர்களில் சிலருக்கு வெளியேற வேண்டிய கரியமில வாயு உடலிலேயே தங்கி, அரைத் தூக்கமாக, பிறகு மயக்கமாக முடியும். ஆகவே அவருடைய மருத்துவர் சொன்னதே சரி.

அப்படியானால் எப்போது கவலைப்படுவது? ஊருக்கெல்லாம் பொதுவான எண்ணோடு அவரை ஒப்பிடாமல், அவருடைய நேற்றைய எண்ணோடும் சென்ற வாரத்து எண்ணோடும் ஒப்பிடுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, உடல்நிலை நன்றாக இருக்கும் இரண்டு வாரங்களில், காலையும் மாலையும் பத்து நிமிடம் அமர்ந்து ஓய்வெடுத்த பின் கருவி காட்டும் எண்ணையும், அந்த ஒரு நிமிடத்தில் அவர் விட்ட மூச்சின் எண்ணிக்கையையும் எழுதி வையுங்கள். அதுவே அவருக்கான அளவுகோல். அதிலிருந்து மூன்று நான்கு புள்ளிகள் இறங்கி மீளாமல் நின்றாலும், எண் மாறாமலே மூச்சின் எண்ணிக்கை கூடினாலும், சளி அதிகமாகி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும், வழக்கமாக நடக்கும் தூரத்தில் பாதியிலேயே நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். 88க்குக் கீழே இறங்கி நின்றால் அன்று மாலை வரைகூடக் காத்திருக்க வேண்டாம். காலையில் எழும்போதே தலைவலி, பகலில் அடக்க முடியாத தூக்கம், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை கரியமில வாயு தங்குவதன் அடையாளங்கள். இவற்றில் எதையும் ஆக்சிமீட்டர் காட்டாது.

மூச்சை எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. எண்ணப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எண்ணினால் யாருக்கும் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சின்மீதோ வயிற்றின்மீதோ வைத்து, ஒருமுறை ஏறி இறங்குவதை ஒன்று எனக் கணக்கிட்டு, முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது வேண்டாம். அதில் ஒரு மூச்சு தவறினால் நான்கு தவறும். வளர்ந்தவர்களுக்கு ஓய்வில் 12 முதல் 20 வரை இயல்பு. 25ஐத் தாண்டினால் உடல் எதையோ ஈடுகட்டப் போராடுகிறது என்று பொருள். பல நோய்களில் எண் இறங்குவதற்கு முன்பே மூச்சு வேகமாகிவிடும் என்பதால், செலவில்லாத இந்தக் கணக்கைக் கருவிக்கும் மேலாக நான் மதிக்கிறேன்.

கேள்வி: உம்மாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. பெருநாளை ஒட்டிக் காய்ச்சல் வந்தபோது கருவியை மாட்டினால் ஒரு விரலில் 88, இன்னொரு விரலில் 95, அண்ணன் வீட்டுக் கருவியில் 97 என்று காட்டியது. எதை நம்புவது? கையில் மருதாணி இருந்ததால்தான் இப்படி என்கிறார்கள். கறுத்த தோலில் இந்தக் கருவி சரியாக வேலை செய்யாது என்றும் படித்தேன், அது உண்மையா?
(கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், அது எங்கே தடுக்கி விழும் என்பதும் தெரிந்துவிடும். கிளிப்பின் ஒரு பக்கத்திலிருந்து இரண்டு ஒளிகள் விரலுக்குள் புகுகின்றன: ஒன்று கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இவ்விரண்டு ஒளிகளையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. எலும்பு, தசை, தோல் எல்லாமும்தான் ஒளியை உறிஞ்சுகின்றன. ஆனால் அவை மாறுவதில்லை. ஒவ்வொரு நாடித்துடிப்போடும் ஏறி இறங்குவது தமனியில் ஓடும் ரத்தம் மட்டுமே. அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்தெடுத்தால் ஊசி குத்தாமலே தமனி ரத்தத்தை அளந்துவிடலாம் என்று 1970களின் தொடக்கத்தில் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி. உலகமே இந்தக் கருவியைத் தேடி ஓடிய 2020ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்தில் அவர் காலமானார்.

ஆகவே விரலில் துடிப்பு பலமாக இருந்தால்தான் எண்ணும் உண்மையாக இருக்கும். காய்ச்சல் ஏறும்போது குளிர் எடுத்து விரல்கள் சில்லிட்டுவிடும், நடுக்கமும் இருக்கும். அந்த நேரத்தில் 88 காட்டினால் அது விரலின் குளிர்ச்சியைக் காட்டுவதாகவும் இருக்கலாம். சர்க்கரை நோயால் விரல் நுனியில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. உம்மாவை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, ஐந்து பத்து நிமிடம் பேச்சுக் கொடுக்காமல் இருக்கவிடுங்கள். கையை இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துச் சூடாக்குங்கள். நடுவிரலிலோ ஆள்காட்டி விரலிலோ கருவியை மாட்டி, கையை நெஞ்சின் உயரத்தில் அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். சன்னல் வழியாக வெயில் நேரே விழுந்தால் மேலே ஒரு துணியைப் போர்த்துங்கள். மாட்டியவுடன் தோன்றும் எண்ணைக் கணக்கில் கொள்ளாமல் ஒரு நிமிடம் காத்திருந்து, ஏறி இறங்காமல் நிலைத்து நிற்கும் எண்ணையே எழுதிக்கொள்ளுங்கள்.

இதைவிட நம்பகமான ஒரு சோதனையும் இருக்கிறது. திரையில் ஆக்சிஜன் அளவோடு நாடித்துடிப்பும் காட்டப்படும். அதே நேரத்தில் மறுகையின் மணிக்கட்டில் நாடியை நீங்களே எண்ணிப் பாருங்கள். திரை 140 என்று காட்ட, உங்கள் விரலுக்கு 84 என்று தெரிந்தால், அக்கருவி நாடியையே சரியாகப் பிடிக்கவில்லை. பிடிக்காத நாடியிலிருந்து கணக்கிட்ட ஆக்சிஜன் அளவையும் ஒதுக்கிவிடலாம். உம்மாவின் மூன்று எண்களில் எது உண்மை என்று அன்று இதன் மூலம் ஓரளவு தெரிந்திருக்கும். எனினும் எல்லாம் சரியாக இருந்தாலும், இவ்வகைக் கருவிகள் உண்மை அளவிலிருந்து இரண்டு முதல் நான்கு புள்ளிகள் கூடவோ குறையவோ காட்டக்கூடும். ஆகவே இரண்டு வீட்டுக் கருவிகளை ஒப்பிட்டுக் கலங்காமல், ஒரே கருவியில், ஒரே விரலில், ஒரே நிலையில் பார்த்து, அது எந்தத் திசையில் நகர்கிறது என்று கவனியுங்கள்.

மருதாணி இலையை அரைத்து இட்ட செஞ்சிவப்பு அவ்வளவாக இடையூறு செய்வதில்லை. சாயம் கலந்த கறுப்பு மருதாணியும், கரிய அல்லது நீல நகப்பூச்சும் செய்யும். நகப்பூச்சை அழித்துவிடலாம், மருதாணியை அழிக்க முடியாது என்பதால் அது படாத விரலைத் தேடுங்கள், இல்லையென்றால் கால் விரலில் மாட்டிப் பாருங்கள்.

தோல் நிறம் பற்றிப் படித்தது உண்மைதான், அதை நம்மவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். தோலின் கருநிறத்துக்குக் காரணமான மெலனின் ஒளியை உறிஞ்சுவதால், கறுத்த தோலுடையவர்களுக்கு ஆக்சிமீட்டர் உண்மையைவிடச் சற்று உயர்த்திக் காட்டும் வாய்ப்பு உண்டு. 2020ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிக்கொண்டிருக்க, ரத்தச் சோதனையில் 88க்கும் கீழே இருந்த நிலை, வெள்ளை நோயாளிகளைக் காட்டிலும் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு காணப்பட்டது. அடுத்த ஆண்டே அந்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. வெயிலிலும் உப்புக் காற்றிலும் உழைத்துக் கறுத்த விரல்கள் நம் கரையில் ஏராளம். அத்தகையவருக்குக் கருவி 93 என்று காட்டி, ஆளைப் பார்த்தால் மூச்சு வாங்குவது தெரிந்தால், 93ஐக் காட்டி அவரை வீட்டில் நிறுத்திவைக்காதீர்கள். நீலம் பாரித்திருக்கிறதா என்று பார்க்க நகத்தையும் முகத்தையும் பார்த்தால் போதாது; கீழுதட்டை மடக்கி உட்புறத்தையும் நாக்கையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

கைபேசியின் கேமராவில் விரலை வைத்து ஆக்சிஜன் பார்க்கும் செயலிகளை இந்த வேலைக்கு நம்பவே வேண்டாம்.

கேள்வி: என் தாய் 49 வயதிலும் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறார். சில மாதங்களாக, மூழ்கி மேலே வந்ததும் கண் இருட்டுகிறது, உதடு நடுங்குகிறது என்கிறார். வல்லத்தில் (படகில்) இருந்த ஒருவர் கருவியை மாட்டிப் பார்த்தபோது 99 காட்டியதாம். 99 இருந்தால் பயமில்லைதானே? அதிக நேரம் உள்ளே இருப்பதற்காக, மூழ்குமுன் வேகவேகமாகப் பத்துப் பதினைந்து முறை மூச்சு இழுத்து விடுகிறார்.
(பாம்பன் பகுதியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: பயப்பட வேண்டிய செய்திதான் இது. உங்கள் தாயிடம் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் அந்த 99. நுரையீரலில் ஏறும் ஆக்சிஜன் விரல் நுனியை வந்தடையச் சிறிது நேரம் ஆகிறது. கருவியும் பல துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தே எண்ணைக் காட்டுகிறது. தண்ணீருக்குள் அவருடைய ஆக்சிஜன் எவ்வளவு தாழ்ந்தது என்பதை, மேலே வந்து, நான்கு மூச்சு வாங்கி, வல்லத்தைப் பிடித்து, கையைத் துடைத்து, விரலை நீட்டிய பின் மாட்டும் கருவி காட்ட முடியாது. அதற்குள் உடல் மீண்டிருக்கும். அன்றியும், நீரில் ஊறிச் சுருங்கிய, குளிர்ந்த விரல் இது. மூழ்கும்போது உடல் கைகால்களின் ரத்த ஓட்டத்தைச் சுருக்கி மூளைக்கும் இதயத்துக்கும் திருப்புகிறது. கருவிக்கு இதைவிட மோசமான இடம் இல்லை.

அடுத்தது அந்த வேகமூச்சு. மூச்சை அடக்கும்போது இனி முடியாது என்று நெஞ்சை உந்தி மேலே தள்ளும் தவிப்பு, பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் வருவதன்று. கரியமில வாயு கூடுவதால் வருவது. வேகவேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் ஆக்சிஜன் கூடுவதில்லை, ஏனெனில் அது ஏற்கெனவே ஏறத்தாழ நிறைந்துதான் இருக்கிறது. கரியமில வாயு மட்டும் வெளியேறிவிடுகிறது. எச்சரிக்க வேண்டியவனை வாசலிலிருந்து அனுப்பிவிட்டு உள்ளே போவதற்கு இது ஒப்பாகும். தவிப்பு தாமதமாக வருகிறது, அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. மேலே வரும் வழியில் நீரின் அழுத்தம் குறையக் குறைய நுரையீரலில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனின் அழுத்தமும் சரிவதால், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயோ மேலே வந்த மறுகணமோ நினைவு தப்புகிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள், இடுப்பளவோ கழுத்தளவோ உள்ள நீரில், சத்தமில்லாமல் இறந்துபோவது இப்படித்தான். கண் இருட்டுவதும் உதடு நடுங்குவதும் அதற்கு ஒரு படி முன்னால் வரும் அடையாளங்கள். அவை தோன்றிய நாளில் மீண்டும் மூழ்கக் கூடாது. அன்றைய பாசியில் பாதி குறைந்தாலும் குறையட்டும்.

மூழ்குமுன் இயல்பாக மூச்சு விட்டு, கடைசியில் ஒரே ஒரு ஆழ்ந்த மூச்சு எடுத்தால் போதும். உள்ளே இருந்த நேரத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு நேரம் மேலே ஓய்வெடுக்க வேண்டும். இருவர் சோடியாகச் சேர்ந்து, ஒருவர் கீழே இருக்கும்போது மற்றவர் மேலே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே வந்தவர் முகத்தை அரை நிமிடமாவது கவனிக்க வேண்டும். பாசிக்குப் போகும் பெண்கள் கூட்டமாகத்தான் போகிறார்கள், ஆகவே இது இயலாத காரியமன்று. ஒரே நேரத்தில் எல்லோரும் மூழ்கும் பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் தாய்க்கு ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்ததுண்டா? ரத்தச்சோகை இருந்தாலும் ஆக்சிமீட்டர் 99 காட்டும். கரைக்கு வந்த வல்லங்களில் நூற்றுக்கு 99 சரக்கோடு வந்தன என்று மட்டுமே அது சொல்கிறது; மொத்தம் எத்தனை வல்லங்கள் வந்தன என்று சொல்வதில்லை. ஹீமோகுளோபின் பாதியாக இருந்தால், 99 சதவீதம் நிறைந்திருந்தும் உடலுக்குச் சேரும் ஆக்சிஜன் ஏறத்தாழப் பாதிதான். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஒரு சொட்டு ரத்தத்தில் இதைப் பார்த்துவிடலாம். மாதவிலக்கு நிற்கப் போகும் வயதில் உதிரப்போக்கு அதிகமாக இருக்கும் பெண்களுக்கு இந்தச் சோதனை மிகவும் தேவை. முடிவு தெரியும் வரை அவர் மூழ்காமல் இருப்பதே நல்லது. மேலே வந்ததும் இருமலில் ரத்தம் தென்பட்டாலோ நெஞ்சு வலித்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்கு மூன்று நாளாகச் சளி. மூச்சு வேகமாக இருப்பதுபோலத் தோன்றுகிறது. பெரியவர்களுக்கான கருவியைக் கால் கட்டை விரலில் மாட்டினால் கோடு மட்டும் ஓடுகிறது, எண் வரவில்லை.
(மண்டபத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: வராதுதான். கைக்குழந்தைக்கு அதற்கென்றே செய்த சென்சார் வேண்டும். பெரியவர்களின் கிளிப் எண் காட்டினாலும் அதை நம்ப முடியாது. உங்களுக்கு வேண்டியது விநாடி முள் உள்ள கடிகாரம். குழந்தை தூங்கும்போதோ அழாமல் இருக்கும்போதோ சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு இது: பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஓராண்டு நிறையும் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணோ அதற்கு மேலோ வந்தால் வேகமூச்சு என்று கொண்டு, நிமோனியாவாக இருக்கலாம் என்று உடனே காட்ட வேண்டும். உங்கள் குழந்தைக்கு 50 என்பது கோடு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும், முனகல் கேட்டாலும், பால் குடிக்க மறுத்தாலும், எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடந்தாலும் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது, தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மூக்கடைப்பால் மூச்சு வேகமாவதும் உண்டு. உப்புநீர்ச் சொட்டு மருந்து விட்டு மூக்கைச் சுத்தம் செய்து, குழந்தை அமைதியான பின் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அதை ஒருமுறை மட்டுமே செய்யுங்கள்.

கேள்வி: தந்தைக்கு 71 வயது, இதய நோயும் இளைப்பும் உண்டு. இரவில் திடீரென்று மூச்சு முட்டினால் ராமநாதபுரம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. எனவே ஆக்சிஜன் இயந்திரம் ஒன்றை வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா? எந்த எண்ணில் புறப்பட வேண்டும் என்று ஒரு கணக்குச் சொல்லுங்கள்.
(இராமேஸ்வரத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இயந்திரம் வாங்கும் முன், அது என்ன செய்யும் என்று பாருங்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் காற்றை உள்ளிழுத்து, நைட்ரஜனைப் பிடித்து நிறுத்திவிட்டு, 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஆக்சிஜனைக் குழாயில் தருகிறது. ஓய்வில் இருக்கும்போதே 88க்கு மேல் ஏறாத நாட்பட்ட நோயாளிகளுக்கு, மருத்துவர் அளந்து எழுதிக் கொடுத்த அளவில், நாளொன்றுக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல் கொடுத்தால் அது ஆயுளைக் கூட்டும் என்பது நிறுவப்பட்டது. ஆனால் நள்ளிரவில் திடீரென்று வரும் மூச்சுத்திணறலுக்கு அது மருந்தன்று. இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருந்தால் நீரை இறக்கும் ஊசி வேண்டும். மாரடைப்பு என்றால் அதற்குரிய சிகிச்சை வேண்டும். இயந்திரத்தைப் போட்டதும் எண் 86லிருந்து 94க்கு ஏறும், வீட்டார் நிம்மதி அடைவார்கள், நோய் உள்ளே முற்றிக்கொண்டிருக்கும். காப்பாற்றியிருக்கக்கூடிய ஓரிரண்டு மணி நேரம் இப்படிக் கைநழுவிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் புயலோடு மின்சாரமும் போகும் ஊரில், மின்சாரத்தில் ஓடும் இயந்திரத்தை மட்டும் நம்பியிருப்பதும் சரியன்று.

மருத்துவரே எழுதிக் கொடுத்து வாங்கினால் ஒன்றை மறக்காதீர்கள்: ஆக்சிஜன் ஓடும் அறையில் குத்துவிளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி, பீடி, அடுப்பு எதுவும் பத்து அடிக்குள் இருக்கக் கூடாது. மூக்குக் குழாய் உறுத்துகிறது என்று தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவவும் கூடாது. ஆக்சிஜன் செறிந்த இடத்தில் எண்ணெய்ப் பசையும் துணியும் நொடியில் பற்றிக்கொள்ளும்.

புறப்பட வேண்டிய எண்ணைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும் விதம், கரையோரத் தரை வெகுதூரம் மெல்லச் சரிந்து ஓர் எல்லைக்குப் பின் சட்டென்று ஆழமாவதைப் போன்றது. 98லிருந்து 93 வரை மெல்ல நடக்கலாம். 90க்குப் பின் ஒவ்வொரு படியும் ஆழமானது. மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்குச் சொல்லும் எண்ணை, பாம்பன் பாலத்தைத் தாண்டி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டிய உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். இயல்பாக 96, 97 உள்ள உங்கள் தந்தைக்கு, சரியாக ஓய்வெடுத்து, இரண்டு முறை பார்த்தும் 94 அல்லது அதற்குக் கீழே நின்றால், பகலாக இருந்தால் அப்போதே உள்ளூர் அரசு மருத்துவமனையில் காட்டிவிடுங்கள், இரவு வரை தள்ளாதீர்கள். 92க்குக் கீழே என்றால் இரவு எந்நேரமானாலும் புறப்பட வேண்டும். 90க்குக் கீழே என்றால் 108. எண் 98ஆகவே இருந்தாலும், ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியவில்லை, படுக்க முடியாமல் எழுந்து உட்காருகிறார், நெஞ்சில் பாரம், வேர்த்துக் கொட்டுகிறது, மூச்சின் எண்ணிக்கை 30ஐத் தொட்டுவிட்டது, உளறுகிறார் என்றால் கருவியை மூடி வைத்துவிட்டு 108ஐ அழையுங்கள்.

வண்டி வரும்வரை அவரைப் படுக்க வைக்காதீர்கள். நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் மேசைமீது தலையணை போட்டு, முன்குனிந்து கைகளை ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மூக்கால் இழுத்து, ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெல்ல விடச் சொல்லுங்கள். மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழல்) வழியாகக் கொடுக்கலாம். தூங்கினால் சரியாகிவிடும் என்று தூக்க மாத்திரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். 108இல் பேசும்போது வயது, இதய நோய் உண்டு என்பது, எப்போது தொடங்கியது, இப்போதைய எண் எவ்வளவு, வழக்கமான எண் எவ்வளவு, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். எந்த வண்டியை அனுப்புவது என்று தீர்மானிக்க இவை உதவும். அந்த எண்கள் எழுதிய நோட்டு, மருந்துச் சீட்டு, இன்ஹேலர், ஸ்பேசர், கடைசியாக எடுத்த இசிஜி ஆகியவற்றை ஒரு துணிப்பையில் போட்டு, இருட்டில் தடவினாலும் கைக்கு அகப்படும்படி, வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருங்கள்.